பச்சை அணியும் சம்பந்தி பிடித்த கயிறும்

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் போன வருடம் என்னைப் பச்சை அணியில் சேர்த்தார்கள். பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு அணியாகப் பிரித்து, வருடம் முழுக்க மோதவிட்டு, கடைசியில் ஒரு அணியின் கையில் கோப்பையைக் கொடுப்பது எத்தனையோ பள்ளிக்கூடங்களில் நடக்கிறதுதான். ஆயாக்களையும் நிறம் பார்த்துப் பிரித்த பள்ளிக்கூடம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சென்னையிலிருந்து புதிதாக வந்த பிரின்சிபால் அம்மாவின் யோசனை அது.

"இங்க வேலை பாக்கற எல்லாரும் ஏதாவது ஒரு ஹவுஸ்ல இருக்கணும். டிரைவர், வாட்ச்மேன், ஆயா, எல்லாரும். அப்பதான் டீம் ஸ்பிரிட் வரும்" என்று கூட்டம் போட்டுச் சொன்னார்.

"அது எந்த பஸ்ல வருதாம்? நாந்தேன் போயி ஏத்திக்கிட்டு வரணுமா?" என்று பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் என் காதில் கேட்டார். நான் சிரிக்கவில்லை. கூட்டத்தில் சிரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நன்றாகச் சிரித்தேன்.

இந்தப் பள்ளிக்கூடம் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலேயே நான் வேலைக்கு வந்தவள். பிரின்சிபால்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் வந்த முதல் மாதத்தில் எதையாவது மாற்றுவார்கள். ஒருவர் மணியை மாற்றினார், ஒருவர் சீருடையை மாற்றினார், ஒருவர் வாசலை மேற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றினார். மாற்றாமல் விட்டது என்னை மட்டும்தான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படியே, மெதுவாகத்தான். வேகமாக எழுதுகிறவர்கள் எழுதிவிட்டு யோசிக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை, ஒரு வரி முடிவதற்குள் மூன்று தடவை யோசித்துவிடுவேன்.

அணிக்காரர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைகளில் அவரவர் நிறத்தில் உடுத்தி வர வேண்டும் என்றார்கள். என்னிடம் பச்சையில் கரைபோட்ட கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு போனேன். பிரின்சிபால் அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு! எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். காரைக்குடியில் வந்து உட்கார்ந்துகொண்டு கண்டாங்கி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவருக்கு என்ன சொல்வது? "கடையிலதான் அம்மா" என்றேன்.

பச்சை அணிக்குப் பெயர் நன்றாக இல்லை. பிரின்சிபால் அறைக்கு வெளியே ஒரு பலகை. அதில் நான்கு நிறத்தில் நான்கு தூண் வரைந்திருக்கும். யார் எந்தப் போட்டியில் ஜெயிக்கிறார்களோ அவர்கள் தூண் ஒரு சாண் உயரும். பச்சைத் தூண் எப்போதும் தரையோடு தரையாகத்தான் கிடக்கும். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஓர் அம்மா ஆபீஸ் வாசலில் நின்று வாதாடியது எனக்கு நினைவிருக்கிறது.

"எம் பிள்ளையப் பச்சையில போட்டிருக்கீக. வேற எதுலயாச்சும் மாத்தி விடுங்க."

"எல்லா ஹவுஸும் ஒண்ணுதான் மேடம்" என்றார் குமாஸ்தா.

"ஒண்ணுன்னா செவப்புலயே போடுங்க. நாங்க தோக்குற கட்சியில இருந்து பழக்கமில்லாதவுக."

அந்த அணிக்குப் பொறுப்பேற்க டீச்சர்கள் யாரும் முன்வரவில்லை. முன்வந்தவள் கணக்கு டீச்சர் மட்டும்தான். இருபத்தாறு வயது, ஒல்லியான பெண், வகுப்பில் நின்று பேசினால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அவள் அப்பா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவள் தம்பி எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. அக்கா பச்சை என்பதால் அவனும் பச்சை. வீட்டிலேயே இரண்டு பேர் தோற்கிறவர்கள் என்று அவள் அம்மா வருத்தப்பட்டாராம்.

முதலில் சுத்தப் போட்டி. எந்த அணிக்குப் பிரித்துக் கொடுத்த வகுப்பறைகள் சுத்தமாக இருக்கின்றனவோ அந்த அணிக்குப் பரிசு. பிள்ளைகள் சுவரில் பூ ஒட்டினார்கள், "தூய்மை நம் கடமை" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். அட்டையை வெட்டிய குப்பை முழுவதையும் தரையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் பிரின்சிபால் அம்மா பார்வையிட வந்தபோது எல்லா வகுப்பும் கண்ணாடி மாதிரி இருந்தது. பச்சை அணியின் அறைகளைக் கூட்டியது நான், சிவப்பு அணியினுடையதைக் கூட்டியது இன்னொரு ஆயா. பச்சைக்கு முதல் பரிசு. மேடையில் போய் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் வாங்கிக்கொண்டாள். நான் கடைசி வரிசையில் நின்று கைதட்டினேன். கணக்கு டீச்சர் மட்டும் கூட்டம் முடிந்ததும் அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"இது உங்களுக்கு வந்தது ஆயாம்மா."

"எனக்கெதுக்கு? பிள்ளைக்கிட்டயே குடு, வீட்ல மாட்டிக்கட்டும். அதுக்காச்சும் தொடப்பம் எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாருக்கும்."

அவள் சிரித்தாள். அன்றிலிருந்துதான் நாங்கள் சிநேகம்.

பிறகு நெருப்பில்லாத சமையல் போட்டி. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது, செட்டிநாட்டுப் பக்கம் வந்தவராக இருக்க முடியாது. எங்கள் ஊரில் ஒரு குழம்புக்கு அடுப்பு வைத்தால் தெருக்கோடி வரை தும்முவார்கள். அந்த ஊரில் அடுப்பே இல்லாமல் சமையல்! ஒரு அணி அவலை ஊறவைத்தது, ஒரு அணி ரொட்டியில் ஜாம் தடவி வட்டமாக வெட்டியது, ஒரு அணி பழங்களைக் குச்சியில் குத்தி முள்ளம்பன்றி செய்தது. தீர்ப்புச் சொல்ல, கண்டனூரில் தாத்தா காலத்து வீட்டை ஓட்டலாக்கி வெளிநாட்டுக்காரர்களுக்கு விருந்து போடும் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, மருந்து குடிக்கிறவர் மாதிரி விழுங்கினார். எங்கள் பச்சை மேசையில் வைத்திருந்தது வெள்ளரிக்காய், தேங்காய், மாங்காய், ஊறவைத்த பருப்பு, மேலே பச்சை மிளகாய், அவ்வளவுதான். ஆனால் மிளகாயை அந்தப் பிள்ளைகள் தாராளமாகப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு வாய் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு வாய் போட்டார். "இதுதான் சாப்பாடு" என்றார். பச்சைத் தூண் இன்னொரு சாண் உயர்ந்தது.

டீச்சரின் வழி தனி. மற்ற அணிகளில் ஓடத் தெரிந்த பிள்ளையே பாடவும் போகும், பேசவும் போகும், எல்லாப் படத்திலும் அதுவே நிற்கும். இவள் யாரும் கூப்பிடாத பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்தாள். ஆத்தங்குடியிலிருந்து வேனில் வரும் ஒரு பெண், பேசினால் அதற்கே கேட்காது. அதை நீளம் தாண்ட வைத்தாள். தாண்டுவதற்குப் பேச வேண்டியதில்லை அல்லவா? வேனுக்கு நிற்கும் நேரத்தில் அந்தப் பெண் மணலில் குதித்துக்கொண்டே இருக்கும். தீபாவளி வருவதற்குள் பச்சைத் தூண் சிவப்புத் தூணின் தோளைத் தொட்டுவிட்டது. பச்சையிலிருந்து மாற்றிவிடச் சொன்ன அந்த அம்மா இப்போது வெள்ளிக்கிழமைகளில் பச்சைப் பட்டு உடுத்தி வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சருக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். போனேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூர்வீகம் காளையார்கோவில் பக்கம், இப்போது காரைக்குடியில் அரிசி ஆலை. மாப்பிள்ளையின் அப்பா நல்ல ஆகிருதி, கதவில் நுழையும்போது கதவு கொஞ்சம் யோசிக்கும். அம்மா அதற்கு நேர்மாறு, சிறிய உருவம். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் அந்தப் பெரிய உடம்பும் நாற்காலியில் சிறுத்துப்போகும். அவர்களுடைய கடைசிப் பெண் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சிவப்பு அணியின் கேப்டன். டீச்சருக்கு வரப்போகிற நாத்தனார் எதிரணியின் தலைவி. இதைக் கேட்டு நான்தான் சிரித்தேன், வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தட்டு மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். "ஒண்ணு இப்பவே சொல்லிப்புடுறேன் சம்பந்தி. எங்க வீட்ல பொம்பளைக வேலைக்குப் போற வழக்கமில்ல. வைகாசியில கலியாணம்னா, சித்திரையோட உங்க மக பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்துரட்டும்."

"அதுக்கென்னங்க, நீங்க சொன்னாச் சரிதேன்" என்றார் டீச்சரின் அப்பா. யாரும் டீச்சரைக் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்து மடியில் இருந்த பூவை இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரக்கடையில் ஒரு சொம்பு வாங்கினால்கூட உள்ளே கையை விட்டுப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், "ஓட்டை இல்லையே?" என்று கேட்பார்கள். அந்தச் சொம்புக்கு நடந்த விசாரணைகூட இந்தப் பெண்ணுக்கு நடக்கவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டியருகில் என்னிடம் வந்தாள்.

"ஆயாம்மா, எனக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்கு. வேலையையும் புடிச்சிருக்கு. ரெண்டுல ஒண்ணுதான்னா எப்பிடி?"

"அப்பாக்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பொண்ணப் பெத்தவன் வாயத் தொறக்கக் கூடாதுங்கிறாக. போகுது. போறதுக்கு முந்தி அந்தக் கோப்பைய ஒரு தடவையாச்சும் பச்சைக்கு வாங்கிக் குடுத்துட்டுப் போயிருறேன்."

அன்றிலிருந்து அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். அதுவரை அவருக்குப் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே சந்தேகம். பச்சைக்கும் சிவப்புக்கும் கோ-கோ நடந்த அன்று கையில் அல்வாப் பெட்டியோடு வந்து சிவப்பு அணிப் பிள்ளைகளுக்கு வழங்கினார். பச்சைப் பிள்ளைகள் எச்சிலை விழுங்கிக்கொண்டு பார்த்தார்கள். ஆட்டம் நடந்தது. எங்கள் பெண் ஒருத்தி பாய்ந்து போய்ச் சிவப்புக் கேப்டன் முதுகில் பளீர் என்று ஒரு தட்டுத் தட்டி வெளியேற்றினாள். மனிதர் துடித்துப்போய் மகளிடம் ஓடி வந்தார்.

"என்னம்மா இது, சம்பந்தி வீட்டுப் பிள்ளைய இப்பிடி அடிக்கிறாக?"

"அடிக்கலப்பா, தொட்டு அவுட் ஆக்குனா."

"அந்தப் பிள்ளைய விட்டுட்டு வேற யாரையாச்சும் தொடக் கூடாதா?"

"கோ-கோவுல எதுக்க ஓடுறவளத்தேன் தொடணும். சொந்தம் பாத்துத் தொட முடியாது."

"நாளைக்கு நீ அந்த வீட்டுல வாழணும், அத நெனச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாத்தனார்க்காரியோ முதுகைத் தடவிக்கொண்டே வந்து, "செம டச்சுடீ" என்று எங்கள் பெண்ணிடம் கைகொடுத்தாள். சின்னவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. பெரியவர்களுக்குத்தான் அது கலியாணமாக இருந்தது.

பொங்கல் கழிந்து விளையாட்டு விழா. அன்று காலையில் பலகையைப் பார்த்தால் பச்சைத் தூணும் சிவப்புத் தூணும் தலைக்குத் தலை சமமாக நின்றன. ஆத்தங்குடிப் பெண் நீளம் தாண்டி முதலாவதாக வந்து பச்சையை ஏற்றிவிட்டாள். தொடர் ஓட்டத்தில் சிவப்பு வந்து சேர்ந்துகொண்டது. மறுபடி சமம். மிச்சம் இருந்தது பெற்றோர்களுக்கான கயிறு இழுக்கும் போட்டி ஒன்றுதான். பெற்றோரும் அணி உணர்வைக் காட்ட வேண்டும் என்று பிரின்சிபால் அம்மா அதற்கும் மதிப்பெண் வைத்திருந்தார். ஆக, வருடம் முழுக்கப் பிள்ளைகள் ஓடி, ஆடி, பாடி, மிளகாய் நறுக்கிச் சேர்த்த கோப்பை, கடைசியில் தொப்பை வைத்த தகப்பன்மார்களின் கையில் வந்து நின்றது.

லாரியில் சரக்குக் கட்டும் கயிறு கொண்டுவந்தார்கள். பச்சையின் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்க, டீச்சரின் அப்பாவை நிறுத்தினார்கள். பித்தளை அண்டாவைத் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள் நல்ல பலம். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உற்சாகமாகத்தான் போனார். போய் நின்று, எதிர்முனையை நிமிர்ந்து பார்த்தார். அங்கே இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றது அரிசி ஆலைச் சம்பந்தி.

விளையாட்டு வாத்தியார் விசில் ஊதினார். எங்கள் ஆள் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பி, "வாங்க சம்பந்தி, எப்ப வந்தீக?" என்றார்.

அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் பச்சை அணி முழுவதும் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்து கிடந்தது. முதல் இழுப்பு சிவப்புக்கு.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். பச்சைத் தகப்பன்மார் கூடி நின்று அவரைத் திட்டினார்கள். "கயிறு இழுக்க வந்தீகளா, பத்திரிகை வைக்க வந்தீகளா?" என்று ஒருவர் கேட்டார். அவரைக் கடைசியிலிருந்து நடுவுக்கு மாற்றிவிட்டு, ஒரு பிள்ளையின் அப்பாவான லாரி டிரைவரைக் கடைசியில் நிறுத்தினார்கள். அவர் அந்தக் கயிற்றோடு பிறந்தவர் மாதிரி நின்றார். இரண்டாவது இழுப்பில் ஒரே வெட்டு. சிவப்பு அணி சரிந்தது. சம்பந்தி மண்ணில் உட்கார்ந்தபடியே கோடு வரை வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பச்சைப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின.

டீச்சரின் அப்பா ஓடினார். சம்பந்தியைக் கைகொடுத்துத் தூக்கி, வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "மன்னிச்சுக்கங்க, தெரியாம ஜெயிச்சுப்புட்டாக" என்றார். சம்பந்தி பாவம், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. அதை டீச்சரின் அப்பா பார்த்துவிட்டார்.

மூன்றாவது இழுப்பு. நான் கயிற்றுக்குப் பக்கவாட்டில், கோட்டுக்கு அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். அதனால் நடந்ததை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசில் ஊதியதும் எல்லோரும் பின்னால் சாய்ந்தார்கள். டீச்சரின் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். சந்தைக்கு மாட்டை ஓட்டிப் போகிறவர் மாதிரி, நிதானமாக, எதிரணியை நோக்கி. நடந்துகொண்டே முன்னால் நின்றவரிடம் சொன்னார்: "விட்டுக் குடுங்க. பொண்ணு குடுக்குற எடம்."

அந்த மனிதருக்கும் இரண்டு பெண்கள். அவர் திரும்பிப் பார்த்தார், புரிந்துகொண்டார், பிடியைத் தளர்த்தினார். அவருக்கு முன்னால் நின்றவருக்கும் பெண் இருந்தது. வார்த்தை கயிற்றில் ஏறி முன்னால் போனது. பெண்ணைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராகக் கை தளர, பையனைப் பெற்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் தடுமாற, கடைசியில் லாரி டிரைவர் மட்டும் தனி ஆளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு இடுப்பில் இருந்ததால் அவரால் விடவும் முடியவில்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனார்.

கோப்பை சிவப்புக்கு.

பச்சைப் பிள்ளைகள் அழுதார்கள். ஆத்தங்குடிப் பெண் சத்தமில்லாமல் அழுதது. டீச்சர் பச்சைக் கொடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் அப்பா என் பக்கமாக வந்தார். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"என்னங்க இப்பிடிப் பண்ணிட்டீக?"

"உங்களுக்குத் தெரியாது ஆயாம்மா. பொண்ணப் பெத்தவன் ஜெயிக்கக் கூடாது."

"அப்ப எதுக்கு இங்குட்டு வந்து கயித்தப் புடிச்சீக? வீட்லயே இருந்து தோத்திருக்கலாம்ல? இந்தப் பிள்ளைக ஒரு வருசமாச் செத்துச் சுண்ணாம்பா ஒழைச்சிருக்குக. அதுகளா உங்க வீட்டுக்குச் சம்பந்தம் பேசுச்சுக?"

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் கயிறு உரசிய தடமே இல்லை.

விளையாட்டு வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம், ஜெயித்தவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார். மைக்கைப் பிடித்தவுடன் சம்பந்திக்கு இடுப்பு வலி போய்விட்டது.

"பச்சைக்காரவுகளும் நல்லாத்தேன் இழுத்தாக. குத்தம் சொல்லக் கூடாது. இருந்தாலும் செவப்பு செவப்புதேன்! காளையார்கோவில் மண்ணுய்யா!" கைதட்டல். அவருக்கு அது போதவில்லை. "இப்பவும் சொல்றேன். அடுத்த வருசமும் வாங்க. இதே கயிறு, இதே எடம். பச்சையில யாரு வாராகன்னு பாத்துருவோம்!"

அப்போதுதான் டீச்சர் நடந்தாள். கொடியோடு நேராக மேடைப் படியருகில் போய் நின்றாள்.

"மாமா" என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது மைதானம் முழுக்கக் கேட்டது. அவள் அவரை முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனிதர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சொல்லும்மா."

"அடுத்த வருசம் வரச் சொல்றீக. பச்சையக் கூட்டிக்கிட்டு நானே வரட்டுமா? தோத்த பிள்ளைகள நடுவுல விட்டுட்டு வந்துட்டான்னு, உங்க வீட்டுக்கு வாரவளப் பத்தி யாரும் பேசக் கூடாதுல்ல."

"அதெப்பிடிப் பேசுவாக? எங்க வீட்டு மருமக ஒரு தோல்விக்குப் பயந்து ஓடிட்டாங்கிற பேச்சே வரக் கூடாது! தாராளமா வாம்மா! வந்து மோதிப் பாரு!"

மைதானம் கைதட்டியது. பிரின்சிபால் அம்மா எழுந்து நின்று தட்டினார். இதைத்தான் டீம் ஸ்பிரிட் என்று சொல்வதாகப் பக்கத்தில் இருந்த சிறப்பு விருந்தினரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தலுக்குள் சம்பந்தியம்மாவின் கையில் ஆடிக்கொண்டிருந்த விசிறி நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அந்த விசிறியைப் பார்த்த பிறகுதான் அரிசி ஆலைக்காரருக்கு உறைத்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பிள்ளையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்பீர்கள். அவர் பந்தலின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்தது டீச்சர் எனக்குப் பிறகு சொன்னதுதான். அவளிடம் அதைச் சொன்னவர் மாப்பிள்ளை. "மைக்கில பேசுறதெல்லாம் பேச்சா?" என்று அவர் அம்மா கேட்டாராம். "ஊரே கேட்டுச்சே, இல்லேன்னு சொன்னா அப்பா மூஞ்சிய எங்க கொண்டு போயி வைப்பாக?" என்று மாப்பிள்ளை கேட்டாராம். அப்பா அந்த நேரத்தில் குளிக்கப் போயிருந்தாராம். ரொம்ப நேரம் குளித்தாராம்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. பச்சைப் பிள்ளைகள் ஒரு வேன் நிறையப் போய்ப் பாயசத்தைத் தீர்த்துவிட்டு வந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் புதுத் தாலிக்கயிற்றோடு வந்தாள். கையில் நாலடுக்குச் சாப்பாட்டுக் கேரியர், இரண்டு பேர் சாப்பிடலாம். கொண்டுவந்து விட்டவர் மாமியார். காரிலிருந்து இறங்கி, வாசலில் நின்ற நான்கைந்து அம்மாக்களுக்குக் கேட்கும்படி என்னிடம் பேசினார்.

"எம் மருமகள நல்லாப் பாத்துக்கங்க ஆயாம்மா. வேலைய விடுறேன்னுதேன் சொன்னா. நாந்தேன், படிச்ச படிப்ப வீணாக்கக் கூடாது, போம்மான்னு சொல்லி அனுப்பிச்சேன்."

"அதான பார்த்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் வேகமாக உள்ளே போய்விட்டாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

இந்த வருடமும் பலகையில் நான்கு தூண் வரைந்திருக்கிறார்கள். பச்சை இப்போதைக்கு இரண்டாவது. சுத்தப் போட்டியில் மறுபடியும் ஜெயித்திருக்கிறோம், எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் பெற்றோர் போட்டிக்கு ஆள் சேர்க்கும் பேச்சு வந்தது. டீச்சர் தன் அப்பா பெயரையே முதலில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பிள்ளை நீ? அவுக கயித்தப் புடிச்சா நாம வெளங்குவோமா? இப்பச் சம்பந்தமே ஆகிப்போச்சு, இன்னும் ரெண்டு கும்புடு சேத்துப் போடுவாக."

"போடட்டும் ஆயாம்மா. அதுக்காகத்தேன் அவுக பேரச் சொன்னேன். இந்த வருசம் ஜெயிச்சுட்டா, போதும் வீட்டுக்கு வாம்மான்னு எங்க அத்தை சொல்லிப்புடுவாக."

"அப்ப இந்தப் பிள்ளைக காலம்பூரா தோத்துக்கிட்டே இருக்கணுமாக்கும்? அது நல்லாருக்கா?"

அவள் பலகையிலிருந்து மைதானத்தின் பக்கம் திரும்பினாள். முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. மைதானத்தில் ஆத்தங்குடிப் பெண் மணலைக் கிளறிச் சமப்படுத்திக்கொண்டிருந்தது. இந்த வருடம் அது வேறு இரண்டு சின்னப் பெண்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது.

"நல்லால்லதான்" என்றாள். "அப்பா வேணாம். லாரிக்காரரையே கேப்போம்."

"ஜெயிச்சிட்டா?"

"ஜெயிச்சா, வாங்குன கோப்பைய அடுத்த வருசம் காப்பாத்த ஆளு வேணும்ல ஆயாம்மா? மாமாக்கிட்ட மைக்கக் குடுத்தா அவுகளே அதச் சொல்லிப்புடுவாக."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போனாள். நான் லாரி டிரைவரின் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று தேடிக்கொண்டு வகுப்புகள் பக்கம் போனேன்.